பதினைந்தாவது செக்கன்

ஐம்பத்தைந்து பாகையில் தகடு.
கண்ணாடி உருளைக்குள் இறக்குகிறேன்,
வாலில் ஊதா மையால் மூன்று கோடு போட்ட
வெள்ளெலியை.

முதல் செக்கனில் ஒன்றுமில்லை. மோந்து பார்க்கும்.
பிறகு பின்னங்காலைத் தூக்கி நக்கும்.
அந்தக் கணத்தைப் பிடிக்கத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.

பதினைந்துக்கு மேல் விடக்கூடாது, பாதம் வெந்துவிடும் என்று
நெறிக்குழுவின் கடிதம் சுவரில்.
வலிக்கு எல்லை போட்டுக் கையொப்பமும் வைத்த காகிதத்தை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரம்பை வேரை அவித்து வடித்து வற்றவைத்த சாறு
குளிர்பெட்டியில், கறுப்புப் போத்தலில்.
வெளியே கின்சி வீதி முழுக்க
மழையும் பஸ் புகையும்.
இந்த அறையில் மட்டும்
யாரோ கலியாணத்துக்குச் சோறு வடிக்கிற வாசம்.
கூடு கழுவ வரும் நிஸ்தார்
"மிஸ், பசிக்குது" என்பான்
பத்து மணிக்கே.

சாறு குடித்தவை
பத்து, பதினொன்று, ஒன்று பன்னிரண்டரை வரை நின்றது.
டொக்டர் விதானகேக்கு முகம் மலர்ந்துவிட்டது.
வெறும் தண்ணீர் குடித்த ஆறும்
நாலில் நக்குகின்றன, நாலரையில் நக்குகின்றன.
அவற்றுக்கு நோகாவிட்டால்
மற்றவற்றுக்கு நோகவில்லை என்பதை
எதை வைத்து எழுதுவது?

எலியைப் பிடித்துப் பிடித்து
என் வலது மணிக்கட்டு வீங்கி நாலு மாதம்.
பெரியாஸ்பத்திரியில் துண்டு நூற்று முப்பத்தெட்டு.
"ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கோ" என்றார்
நித்திரை கொள்ளாத ஒரு சின்ன டொக்டர்.
ஐந்து என்றேன்.
ஆறு என்றால் படம் எடுக்கச் சொல்வார்,
எனக்கு லீவு முடிந்துவிட்டது.

நேற்று எல்லாரும் போனபின்
சுட்டுவிரலைத் தகட்டில் வைத்தேன்.
மற்றக் கையில் நிறுத்து கடிகாரம்.
நாலு தசம் இரண்டு.
கொப்பியில், தண்ணீர்க் குழுவின் கீழே,
பென்சிலால் எழுதினேன்.
அழிரப்பரைத் தேடும்போது
வாளியோடு நிஸ்தார் வந்துவிட்டான்.
பொரளை பஸ்ஸும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும்
புகைப்பெட்டிக்குள் வைப்போம்,
சாறு குடித்ததையும் குடிக்காததையும்.
நோகாது என்று அதே கடிதத்தில் இருக்கிறது.
அதற்குச் செக்கன் எழுதுவதில்லை.

இன்று காலை கூட்டி வகுத்துவிட்டு
டொக்டர் விதானகே கண்ணாடியைக் கழற்றுகிறார்:

தண்ணீரில் ஆறுதானே இருக்கிறது,
இந்த ஏழாவது எது?