அரை மாத்திரை

"நீங்க இல்ல சார், மாத்திரை" என்றார் டாக்டர்
கோரிப்பாளையத்தில், மூன்றாம் மாடியில்.
நடுக்கத்துக்குத் தருவது
சூதாட்டத்தையும் எழுப்பிவிடுமாம், சிலருக்கு.
சிலரில் ஒருவன் நான்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
இரவு இரண்டு மணிக்கு, போர்வைக்குள், போனில், ரம்மி.
கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம்
அடுத்தவர் பணம் எண்ணிய விரல் இது,
ஒரு ரூபாய் பிசகியதில்லை.

ஜெசிந்தா அங்கேயே அழுதாள், நிம்மதியில்.
பஸ்ஸில் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
"பாவம், நீங்க என்ன செய்வீங்க."
மன்னிப்புதான்.
ஆனால் இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று
டாக்டர் எழுதித் தந்துவிட்டாரே,
தபாலை யார் வாங்குவது?

ஏ.வி. பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே வைகை, வழக்கம்போல் மணலும் ஆகாயத்தாமரையும்.
தொண்ணூற்று நான்கில் இதே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
பாதிப் பாக்கெட் சிகரெட்டை எறிந்தேன்.
பிறகு தொட்டதில்லை.
அந்த ஒன்றை வைத்துத்தான் இத்தனை காலம்
என்னை நான் மதித்துவந்தேன்.
ரம்மி மாத்திரையின் வேலை என்றால்
அன்றைக்கு மண்டைக்குள் எது சொட்டியதோ.
பற்று எனதில்லை, வரவு மட்டும் எனது என்றால்
எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்:
"டோஸைக் குறைச்சா ஆசை போகும், நடுக்கம் வரும்.
முடிவு உங்களோடது."
உங்களோடது.
முழு மாத்திரையில் இருப்பவனைக் கேட்டால்
குறைக்காதே, இன்னிக்குச் சீட்டு விழும் என்பான்.
அரை மாத்திரைக்காரனைக் கேட்கலாம்.
அவன் இன்னும் பிறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வருகிறது,
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை,
கண் இமைக்கும் நேரம் ஒன்று.
இமைப்பது யார் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பசுமலையில் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் காய் நறுக்கும் கத்தியை
மாத்திரையின் நடுக்கோட்டில் வைக்கிறேன்.
விரல் ஆடுகிறது. நான் ஆட்டவில்லை.
அமுக்குகிறேன். இது நான்தான்,
நான்தான் என்று நினைக்கிறேன்.
டக்.
ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, கொஞ்சம் தூள்.

தலையணைக்கடியில் போன் ஒருமுறை அதிர்கிறது.
ஜெசிந்தா டம்ளரோடு நிற்கிறாள்.
"எதுன்னு சொல்லுங்க," என்கிறாள்,
"கை வலிக்குது."