பிரிவு ஏழு

தக்கலை எக்ஸ்சேஞ்சின் நடுவில்
ஒரு சனிக்கிழமை பிளைவுட் சுவர் எழுந்தது.
ஆணி அடித்தவன் பள்ளியாடிக்காரன்,
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.
ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு, பிரிவு ஏழு:
கம்பி ஒரு கம்பெனி, கடை ஒரு கம்பெனி.
ஒரு வயிற்றில் பிறந்திருந்தாலும்
கண் ஜாடை கூடாது.

அந்தப்பக்கம்
கம்பம் ஏறுகிறவர்கள், பள்ளம் தோண்டுகிறவர்கள்.
இந்தப்பக்கம் நான்:
பில், சிம், ரவுட்டர், சிரிப்பு.
குடிதண்ணீர் மெஷின் அந்தப்பக்கம் போய்விட்டது.
கக்கூஸ் இந்தப்பக்கம் நின்றுவிட்டது.
இதைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை.

எனக்க மாப்பிள்ளையும் அந்தப்பக்கம்தான்.
வில்பிரட், ஒளியிழை ஒட்டுகிறவர்.
தலைமுடியைவிட மெலிந்த கண்ணாடியை
முனைக்கு முனை உருக்கிச் சேர்க்கிற கை.
அவருக்கு நீல அட்டை, எனக்கு ஆரஞ்சு.
ஒரே பைக்கில் வந்திறங்கி
இரண்டு வாசலில் விரல் பதிக்கிறோம்.

பயிற்சி கொடுக்க வந்த பையனிடம்
"வீட்டிலயும் பேசக்கூடாதா தம்பி?" என்றேன்.
சிரித்தான்.
சிரித்து முடித்து
ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
முன்பு ஒரு சத்தம் போட்டால் போதும்,
ஜன்னல் வழியாகவே அவர் பைக்கை எடுப்பார்.
எங்கள் ஆட்களுக்கு அரைமணி நேரத்தில் லைன்.
எங்கள் கம்பியை வாடகைக்கு வாங்கித்
தன் பெயரில் விற்கும் கருங்கல் பத்மதாசின் புகார்கள்
பதினோரு நாள் காகிதக்கல்லுக்கு அடியில் கிடக்கும்.
கல்லைத் தூக்கி வைத்தது நான்தான்.
யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியதுமில்லை.

ஐப்பசி மழையில்
அழகியமண்டபம் பக்கம் ரப்பர் மரம் சாய்ந்து
கேபிள் அறுந்தது. இருளில் நூற்றிச்சொச்சம் வீடு.
எல்லாரையும்போல நானும் டிக்கெட் போட்டேன்.
வரிசையில் பத்மதாஸ் முப்பத்தொன்பது,
நான் நாற்பத்தொன்று.

வில்லுக்குறி டீச்சர் போனில் கத்தினாள்:
"ஒமக்க மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"
"அவரு வேற கம்பெனியாக்கும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு நனைந்து வந்தார்.
சட்டைக் கையில் ரப்பர் பால் உறைந்து கறுத்திருந்தது,
விரலில் ஸ்பிரிட் வாசம்.
மரச்சீனியும் சாளைக் கறியும் எடுத்து வைத்தேன்.
எத்தனையாவது எண்வரை முடிந்தது?
கேட்கவில்லை.
முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே
"மழை விட்டுது" என்றார்.
அது பிரிவு ஏழில் வருமா என்று
கொஞ்சநேரம் யோசித்தேன்.
பிறகு இன்னொரு கரண்டி கறி ஊற்றினேன்.

மறுநாள் பத்மதாஸ் கடைவாசலில் வந்து நின்றான்.
உள்ளே வரவில்லை.
"ஒங்களுக்கு முன்ன எனக்க வீடுகளுக்கு லைன் வந்திட்டு.
இது முதல்தடவ."
குத்திக் காட்டினானா, நன்றி சொன்னானா?
மேஜையில் காகிதக்கல்.
உள்ளே ஒரு சிவப்புப் பூ, அடியில் ஒன்றுமில்லை.
என் நாற்பத்தொன்று அப்போதும் மஞ்சளில்தான் நின்றது.
கோபம் வந்தது. யார்மேல் என்றுதான்
அட்டையின் நிறம்போல் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் தாகமெடுத்தது.
வெளியே இறங்கி, மதிலைச் சுற்றி,
சேறு மிதித்து, நீல வாசலுக்குப் போனேன்.
காவலாளி சுயம்பு வருகைப் பதிவேட்டைத் தள்ளினார்.
முகம் பார்க்கவில்லை, பாவம், அவருக்கும் உத்தரவு.

பெயர்: ஜெர்லின் புஷ்பம்.
நோக்கம்: தண்ணீர்.
நிறுவனத்தோடு உறவு:

உள்ளே யாரோ இருமினார்கள்.
எந்த இருமல் என்று எனக்குத் தெரியும்.
பேனா கொஞ்சம் மக்கர் பண்ணியது.
உதறிவிட்டு எழுதினேன்:
வாடிக்கையாளர்.