கை தெரிய வேண்டும்

சட்டப்படி படகில் இரண்டு பேர்.
முன்னால் பார்க்க ஒருவர், பின்னால் பார்க்க ஒருவர்.
முன்னால் பேயாத். படகு அவனுடையது,
தலையில் உள்ள தொப்பி அவன் தகப்பனுடையது.
பின்னால் நான்,
போகிற திசைக்கு முதுகைக் கொடுத்து
ஷ்பீட்ஸ் துறைமுகம்
தீப்பெட்டியாய்ச் சிறுப்பதைப் பார்த்தபடி.

யார்மீதும் கண் வைக்காதே என்று வளர்த்தார்கள்.
இங்கே கண் வைப்பதுதான் வேலை.

முதல் சுற்றில் டியூபில் பேயாத்தின் இரட்டையர்.
அங்கிக் கொளுவியை நானே இழுத்துப் பார்த்தேன்,
ஒருமுறைக்கு மூன்று முறை.
படகு வளைந்தால் டியூப் வளைவதில்லை,
கவண் கல்லாய் வெளிப்பக்கம் வீசப்படுகிறது.
கரையில் பாறை. பாறைமேல் வெயில் காயும் ஒருத்தி.
"மெல்ல!" என்று தமிழில் கத்திவிட்டேன்.
பேயாத் உடனே வேகத்தைக் குறைத்தான்.
சில சொற்களுக்கு அகராதி தேவையில்லை.

இரண்டாம் சுற்று நிரோஜன், சறுக்குப் பலகையோடு.
பெர்னிலிருந்து நாற்பது நிமிடம் காரில்
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
மாமா மகன் திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடை,
அதற்கு வங்கிக் கடன், கடனுக்குக் கீழே
என்னைக் கேளாமல் ஒரு கையெழுத்து.

கயிறு இருபத்துமூன்று மீட்டர்.
புறப்படுமுன் பேயாத் சைகைகளைக் காட்டினான்.
கட்டைவிரல் மேலே: கெதியாய்.
கட்டைவிரல் கீழே: மெல்ல.
கழுத்துக்குக் குறுக்கே கை: நிறுத்து.
விழுந்த பிறகு கை மேலே: நலம்.
பேசாத இருவருக்கு
நான்கு சொல் தாராளம்.

"கயிற்றைக் கையில் சுற்றாதே.
விழுகிறாய் என்று தெரிந்தால் பிடியை விட்டுவிடு" என்றான்.
ஜெர்மனில் அது சும்மா ஒரு வினைச்சொல்.
மனதுக்குள் தமிழில் போட்டுப் பார்த்தேன்,
கைவிடு என்று வந்தது.
நிரோஜனும் போட்டுப் பார்த்திருப்பான்.
ஏரியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

எழுந்து நின்றான், நன்றாகத்தான் நின்றான்.
கட்டைவிரல் மேலே. மறுபடி மேலே.
எல்லாவற்றிலும் இப்படித்தான் இவன்.
சொன்னேன். பேயாத் வேகம் கூட்டினான்.
அலைக்கோட்டைத் தாண்டினான், திரும்பித் தாண்டினான்,
மூன்றாம் முறை
பிடி மட்டும் தனியாக நீர்மேல் துள்ளி வந்தது.

ஒன்று. தண்ணீர்.
இரண்டு. பேயாத்தின் தோளில் அடித்தேன்.
மூன்று. தூரத்தில் வெள்ளைக் கப்பல்
இந்தப் பக்கமே வந்துகொண்டிருந்தது,
மேல்தட்டில் யாரோ ஐஸ்கிரீம் தின்றார்கள்.
நான்கு. ஆரஞ்சு அங்கி தெரிந்தது.
அங்கி எப்படியும் மிதக்கும்,
உள்ளிருப்பவருக்கு நினைவு இருக்கிறதா என்று
அது பார்ப்பதில்லை.
ஐந்து.
கை எங்கே.
ஆறு என்று எண்ண வாய் வரவில்லை.
கடன், கடை, மாமா மகன்,
கையெழுத்தின் கீழே போட்ட அந்த வீண் சுழி,
கை எங்கே, அந்தக் கை.

தூக்கினான்.

நானும் தூக்க வேண்டும், பார்த்துவிட்டேன் என்று.
அது விதி. விதியைத்தான் செய்தேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரம்.

பேயாத் அகலமாய் வட்டமடித்து
தன் பக்கத்தில் அவன் தெரியும்படி மெல்ல நெருங்கினான்.
இயந்திரத்தை அணைத்தான்.
விசிறி நின்றுவிட்டதா என்று
இருமுறை கேட்டேன். நின்றுவிட்டது.
அப்படியொரு அமைதியில்
ஏணியில் ஏறினான். மூக்கால் ஏரி வடிந்தது.
காதைத் தட்டிக்கொண்டே நின்றான்.
துவாயை நீட்டினேன்.
துவாயின் மறுமுனையை நான் உடனே விடவில்லை.

"இன்னொரு சுற்று?" என்றான் பேயாத்.
நிரோஜன் என்னைப் பார்த்தான்.
இன்றைக்கு முதல் தடவையாக.
கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.
மெல்ல என்றுதான் சொன்னேன்.
வேண்டாம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ,
தண்ணீரில் கிடந்த கயிற்றை இழுத்து
அந்த முனையிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினான்.
இந்த முனை என் காலடியில் கிடந்தது.
ஈரம். கனம்.
குனிந்து எடுத்தேன்.