நவம்பர் முதல் ஜனவரி வரை

பூட்ஸைக் கழற்றாமலே கடைக்குள் வந்தாள் டோர்குன்.
தரையெல்லாம் உப்பும் சேறும்.
மருந்துச் சீட்டில் மடித்திருந்த கல்லை
என் மேசையில் வைத்து
"மோதிரம்" என்றாள்.

குன்சைட். நாலு காரட்டுக்குச் சற்றுக் கூட.
மேலிருந்து பார்த்தால் கத்தரிப்பூ.
பக்கவாட்டில் சாய்த்தால் வெறும் தண்ணீர்.
நீரோட்டம் சுத்தம், ஒரு தூசி இல்லை.

"இது விறகு மாதிரி," என்றேன்,
"இரண்டு திசையில் நூல் பிடித்தாற்போல் பிளக்கும்.
சூடு ஆகாது. அதிர்வு ஆகாது.
வெயில் ஆகவே ஆகாது, நிறம் இறங்கிவிடும்.
கழுத்தில் போடு, காதில் போடு.
நீ ஓட்டுவது பனி தள்ளும் வண்டி."

"பதினோரு வருஷத்தில் நான் உடைத்தது
இரண்டே இரண்டு தபால் பெட்டி.
வெயிலா? எந்த வெயில்?"

ஜன்னலைக் காட்டினாள்.
பகல் பதினொரு மணி.
ட்ரொம்ஸோவில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

முதலில் நாலு கொக்கி வைத்து வரைந்தேன்.
கம்பளிக் கையுறை மாட்டிக்கொள்ளும்.
பிறகு சுற்றிலும் உயரமாய்த் தங்கச் சுவர்.
கிணற்றில் விழுந்ததை எட்டிப் பார்ப்பதுபோல்
அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கிழித்தேன்.
மூன்றாவதை மீன்கடை ரசீதின் பின்புறம் வரைந்தேன்:
கல்லைத் தாழ்த்தி, விரலோடு ஒட்ட உட்காரவைத்து,
பிளக்கக்கூடிய இரு முனைகளுக்கு மட்டும் சுவர்.
மற்ற இரண்டு பக்கமும் திறப்பு.
"இது" என்றாள்.

மருந்துச் சீட்டை மட்டும் திருப்பிக் கேட்டாள்.
அதற்குள் நான் படித்துவிட்டேன்.
ஸல்மய், நூரிஸ்தான்காரர்,
விமான நிலையப் பேருந்து ஓட்டுபவர்.
வாயில் நுழையாத மருந்தின் பெயர்.
சிறிய ஊர் இது.
தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருப்பது
இங்கே ஒரு மரியாதை.

பற்றவைப்பு எல்லாம் முடித்து,
தங்கம் ஆறி, கை பொறுக்கும் குளிர்ச்சிக்கு வந்தபின்
கல்லை இறக்கினேன்.
சுவரின் விளிம்பை அதன்மேல் மடித்தேன்,
தூங்குகிறவனுக்குப் போர்வை இழுத்துவிடும் பதத்தில்.
கடைசி மடிப்பில்
டக் என்று ஒரு சத்தம்.

லென்ஸை எடுக்கக் கை வரவில்லை.
எடுத்தேன். கல்லில் ஒன்றுமில்லை.
மறுபடி டக்.
சுவரோரம் வெந்நீர்க் குழாய்
தன்பாட்டுக்கு முறித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் ஆறு குளிர்காலம்.
சூரியன் திரும்பும் நாளில்
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
ஜாம் வைத்த பன்னோடு மலையைப் பார்த்து நிற்பார்கள்.
அன்றைக்கு அவள் வந்து மோதிரத்தைக் கழற்றித் தருவாள்.
நான் கறுப்புத் துணியில் சுற்றி
காப்பீட்டுத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவேன்.
நவம்பரில் வாங்கிக்கொள்வாள்.
இரண்டு மாதம் போட்டுக்கொள்ள
இவ்வளவு பாடா என்று
நானும் கேட்டதில்லை.

இந்த ஜனவரியில் வரவில்லை.
பிப்ரவரியிலும் இல்லை.
மே கடைசியில் வந்தாள்,
இரவு பத்து மணிக்கு, கடைத் தெரு முழுக்க வெயில்.
விரலில் மோதிரம்.

கல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.
மறைக்கவில்லை.
கத்தரிப்பூ போய்
ஒயின் ஊற்றிக் கழுவிய கண்ணாடித் தம்ளர் மாதிரி இருந்தது.
"எத்தனை தடவை சொன்னேன்?"

"பகலில் எப்படி இருக்கும் என்று கேட்டார்," என்றாள்.
"மருத்துவமனை ஜன்னல் தெற்குப் பார்த்தது.
மார்ச் முழுக்க அவர் கையில்தான் இருந்தது."
கொஞ்சம் நிறுத்தி,
"ஏப்ரல் ஒன்பது வரை."

வேறு கல் கிடைக்கும் என்றேன்.
இதற்கே நிறம் ஏற்றித் தரும் ஆட்கள்
ஜெர்மனியில் இருக்கிறார்கள் என்றேன்.
உளறிக்கொண்டே போனேன்.

அவள் கழற்றி என் முன்னால் வைத்தது
மோதிரத்தைக் கொஞ்சம் பெரிதாக்க.
விரல் வீங்கியிருந்தது.
வெயிலில் கறுத்த கையில்
மோதிரம் இருந்த இடம் மட்டும்
வெள்ளையாய் ஒரு வளையம்.

பெரிதாக்கச் சூடு காட்ட வேண்டும்,
சூடு காட்டக் கல்லை வெளியே எடுக்க வேண்டும்.
ஆறு வருஷத்துக்கு முன் மடித்த விளிம்பை
மயிரிழை மயிரிழையாய் நிமிர்த்துகிறேன்.
குழாய் இப்போது மூடியிருக்கிறது.
இனி ஏதாவது சத்தம் வந்தால்
அது கல்தான்.