இரண்டு தண்ணீர்

புரட்டாசி ஆறு.
பாதிப் பட்டணம் கவிச்சி தொடாது.
இந்த மாதமாகப் பார்த்துத்தான் வரும்
சூரை.

எண்ணூர்க் கரையை விட்டுத் தூரமில்லை.
அனல்மின் நிலையத்தின் மூன்று புகைக்கூண்டும்
ஒன்றன் முதுகில் ஒன்று ஒளிந்து
ஒற்றைக் கூண்டாய்த் தெரிந்த இடத்தில்
எஞ்சினைத் தணித்தான் தேசப்பன்.

போட்டுக்கு இந்தப் பக்கம்
அரிசி களைந்த தண்ணீர்.
அந்தப் பக்கம் நீலம்.
நடுவே ஒரு கோடு:
நுரை, தெர்மாகோல், யாருடையதோ
இடதுகால் செருப்பு,
எல்லாம் ரேஷன் கடை வரிசைபோல் நகர்ந்தபடி.

கையை விட்டுப் பார்த்தேன்.
இந்தப் பக்கம், பிள்ளைக்கு விளாவி வைத்த வெந்நீர்.
அந்தப் பக்கம், விரலெலும்பில் ஏறும் குளிர்.
தெண்டி ஓய்ந்து வன்னி இன்னும் திரும்பாத கடல்,
எந்தப் பக்கம் இழுப்பதென்று
அதற்கே தெரியவில்லை.

குழாய்ச் சூட்டுக்கு நெத்திலி ஒதுங்கும்.
நெத்திலிக்குச் சூரை.
சூரைக்கு நாங்கள்.

"மேல இன்னா பாக்குற? ஆலா பொய் சொல்லும்.
கோட்டப் பாரு" என்றான்.
பார்த்தேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
பிறகு
உலை பொங்கி மூடியைத் தள்ளியதுபோல்
கோட்டின் நீளத்துக்கும் வெள்ளை.

சிப்ஸ் பாக்கெட்டின் உள்வெள்ளியைக் கத்தரித்துக் கட்டிய தூண்டில்
விழுந்ததுதான் தெரியும்.
சைக்கிள் டியூப் மாட்டிய விரலையும் தாண்டி
நரம்பு அறுத்தது.
கீழே ஆழத்துக்கு ஓடும், பக்கவாட்டில் ஓடும்,
செத்துப்போனதுபோல் தளர்ந்து
போட்டடியில் நுழைந்து மறுபடி ஓடும்.
ஏற்றிப் போட்டால்
தையல் மிஷின்போல் வால்
ஃபைபர் தரையைத் தைக்கும்,
நூல் இல்லாமல், ரொம்ப நேரம்.

இருபது வருசமாய்ப் பிடிக்கிறேன்.
இன்னும் திடுக்கென்கிறது அந்தச் சூடு.
மற்ற மீன்போல் இல்லை சூரை;
கையில் எடுத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.
முன்பெல்லாம் கடல் குளிரும், மீன் சுடும்.
இப்போது கடலும் சுடுவதால்
இது ரத்தத்தின் சூடா
குழாயின் சூடா என்று
அதைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.
"குஞ்சா அது? ஐஸ்ல போடு" என்றான் தேசப்பன்.

முப்பத்தோரு சூரை.
ஏலத்தில் கூவியவனுக்கே வெட்கம்.
கறுத்த சதை, புரட்டாசி வேறு,
கேரளா லாரிக்காரன் சொன்னதுதான் விலை.
ஒன்றை மட்டும் எடுத்துவந்தேன்.
மிளகைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப்போட்டாள் கோமளா.

சாப்பிடும்போது அவள் அண்ணன் வந்தான்,
மனுவின் நகலோடு.
முகத்துவாரத்தில் வெந்நீர் விடாதே,
கழிமுகத்தில் இறால் செத்துவிட்டது,
நண்டு செத்துவிட்டது, கலெக்டர் ஐயா.
எழுபத்திரண்டு கையெழுத்து.
நாலாவது என்னுடையது,
கோணலாக, ஆனால் அழுத்தி.
அவன் தட்டிலும் ஒரு துண்டு வைத்தாள்.
"எங்க பட்டுச்சு?" என்றான்.
"அங்கதான்" என்றேன்.
அவன் மேலே கேட்கவில்லை.
நன்றாய்த்தான் இருந்தது குழம்பு.

நாலு நாள் பட்டது.
ஐந்தாம் நாள்
மூன்று கூண்டும் ஒன்றாகும் அதே இடம்.
கோடில்லை. செருப்பில்லை.
கடல் முழுக்க ஒரே தண்ணீர்,
பார்க்க அவ்வளவு அழகாக,
ஒரு நெத்திலிகூட இல்லாமல்.

இப்போதெல்லாம் விடிய மூன்று மணிக்கு
காற்று எப்படி என்று யாரையும் கேட்பதில்லை.
கான்ட்ராக்டில் உள்ளே வேலை பார்க்கும்
தேசப்பனின் மச்சான் பையனுக்குப் போன் போடுகிறோம்.
நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன்,
மண்ணெண்ணெய்க் கேனைத் தோளில் வைத்தபடி.
"டேய் மோகனரங்கா, தூங்கிட்டியா?
இல்ல, சும்மாதான்...
ரெண்டாவது யூனிட் ஓடுதா?"