மழைச் சோதனைக் கொட்டகை

ஆரம்பாக்கம் சாவடிக்கு இந்தப் பக்கம் எங்கள் கார் ஆலை.
கொட்டகைக் கூரையில் நாற்பது குழாய்,
பதினேழில் அடைப்பு.
எடுக்க வேண்டாம் என்று
எழுத்திலேயே உத்தரவு இருந்தது.

நான்கு நிமிடம் தண்ணீர் விடுவோம்.
கதவைத் திறந்து கால்மிதியைத் தொட்டுப் பார்ப்பேன்.
ஈரம்.
இருபத்திரண்டு வருடமாக ஈரம்.
'தேறியது' என்று முத்திரை குத்துவேன்.

கதவு அச்சு சீமையிலிருந்து வந்தபோதே பழசு.
அவர்கள் கழித்துப் போட்டதை
இங்கே தேங்காய் உடைத்து இறக்கினார்களாம்.
தேய்ந்த அச்சில் பிறக்கும் கதவு
ஒவ்வொன்றும் ஒரு தினுசு.
ஓபுலேசு மரச்சுத்தியலால் தட்டி
முழங்காலால் நெட்டி
தெலுங்கில் கெட்ட வார்த்தை சொல்லி மூடுவான்.
எந்தக் கதவுக்கு எந்த வண்டி என்று
சாக்பீஸில் எழுதிவைப்போம்.
அழிந்தால் தொலைந்தது.

அதற்கும் எட்டு வருடம் காத்திருந்தார்கள் ஜனங்கள்.
முன்பணம் கட்டிய ரசீதோடு
மகள் கல்யாணப் பத்திரிகையையும் வைத்து அனுப்பினார் ஒருவர்:
முகூர்த்தத்துக்குள் வேண்டுமாம்.
பேரனுக்குக் காது குத்தும்போது போய்ச் சேர்ந்தது.

சூளூர்பேட்டை டாக்டரம்மா எழுதியிருந்தார்:
'மழையில் மடிமேல் குடை விரித்து ஓட்டுகிறேன்.
கியர் போட மூன்றாவது கை
எப்போது தருவீர்கள்?'
பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன்:
'தங்கள் வண்டி சோதனையில் தேறியுள்ளது.'

பிறகு தடா தாண்டி
வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று வேலி போட்டது.
நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றார்கள்.
நாங்கள் நாளைக்கு ஆறு,
ஆயுத பூஜை வாரத்தில் இரண்டு.
முனிரத்தினம் இன்டர்வியூவுக்குப் போனான்.
கதவு பொருந்தாவிட்டால் என்ன செய்வாய் என்றார்களாம்.
ஓபுலேசைக் கூப்பிடுவேன் என்றானாம்.
அது எந்த நாட்டு மெஷின் என்று கேட்டார்களாம்.

சிரித்தோம்.
அந்த மாதம் பாதிச் சம்பளம்.
அடுத்த மாதம் கேட்டில் ஒரு தாள்.

கார்த்திகைப் புயல் கரை கடந்த மறுநாள்
கணக்குத் தீர்க்க வரச் சொன்னார்கள்.
பழவேற்காட்டு உப்புக்காற்றில்
விற்காத வண்டிகள் நூற்றுப்பதிமூன்று
மைதானத்தில் நின்றன.
மூன்று நாள் மழை.
அடைப்பில்லாத குழாய்.

எட்டிப் பார்த்தேன்.
சீட்டுவரை தண்ணீர்.
கியர் கம்பியைச் சுற்றி மீன்குஞ்சா தலைப்பிரட்டையா தெரியவில்லை,
ஏதோ நீந்தியது.
கதவிடுக்கில் விரல் வைத்தேன்.
ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

'சூடு சார்,' என்றான் ஓபுலேசு,
'லீக் லேது.'

திறந்தான்.
என் செருப்பு நனைந்தது.
பையில் முத்திரை இருந்தது.
மைப்பெட்டியை
ஆபீசில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.