இரண்டாம் ஷிப்ட்

நான் உட்காரும்போது பெஞ்சு சூடாக இருக்கும்.
காலை ஷிப்டில் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போவது யாரென்று
எனக்குத் தெரியாது.
ஒரே பள்ளிக்கூடம், இரண்டு கூட்டம்.
மதியம் ஒன்று இருபதுக்கு வாசலில்
ஒரு கூட்டத்தின் கோட்டை மறு கூட்டத்தின் கோட்டு உரசும்.
அவ்வளவுதான் பழக்கம்.

தாஷ்-எஷிக்கில் டிசம்பர் வந்தால்
ஐந்தரைக்கே மலை வெளிச்சத்தை வழித்து எடுத்துக்கொள்ளும்.
எங்களை ஆறு பத்துக்குத்தான் விடுவார்கள்.
கடைசிப் பாடம் வேதியியல்.
கந்தகத்தைப் படித்து முடித்து
நிலக்கரிப் புகைக்குள் இறங்குவோம்,
செய்முறைத் தேர்வு மாதிரி.

தெருவில் விளக்குக் கம்பம் இல்லாமல் இல்லை,
பதினேழு. எண்ணியிருக்கிறேன்.
பல்பு இல்லாத கம்பம்
இருட்டில் நெற்றியை முட்டிக்கொள்ள உதவும்.
உலான் முட்டிக்கொண்டான், மூன்று தையல்.
நாய் துரத்தி ஐபெரி ஓடியபோது
வாய்க்காலில் உறைந்திருந்த பனி உடைந்து
ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போனது.
பூட்ஸ் காயவில்லை என்று இரண்டு நாள் வரவில்லை அவள்.
என் போனில் டார்ச் உண்டு.
பேட்டரிதான் குளிரில்
நாற்பது சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் செத்துப்போகும்.

கையெழுத்து அழகாக இருப்பது ஒரு தண்டனை.
தெருக்கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.
கோடு போட்ட தாள், நீல மை,
மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர் அவர்களுக்கு.
மதிப்பிற்குரிய என்பதில்
இரண்டு முறை பேனா நின்றது. மை உறைந்துவிட்டது,
வேறு காரணம் இல்லை.

கையொப்பம் வாங்க வீடு வீடாகப் போனேன்.
சும்மா போட்டுக்கொடுத்தவர் ஒருவருமில்லை.
நிலக்கரி மூட்டையில் பாதி கல், அதைச் சேர் என்றாள் சல்தானாத் அக்கா.
குப்பை லாரி அக்டோபரோடு சரி என்றார் ரொட்டிக்கடைக்காரர்,
கையில் மாவோடு தாளையும் பிடித்துக்கொண்டு.
மூலை வீட்டு பத்மாகானின் கணவர்
நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலைக்குப் போனவர்.
நான்கு மாதமாகப் போன் இல்லை.
அதையும் எழுது என்றாள்.
நகராட்சி இதற்கு என்ன செய்யும் என்று கேட்க
வாய்வரை வந்தது.
எழுதினேன். ஒன்பதாம் பத்தி.

மனுவின் முதல் வரியை
வகுப்பில் மேசை மேல் பென்சிலால் எழுதிப் பார்த்திருந்தேன்:
மாலையில் நாங்கள் இருட்டில் வீடு திரும்புகிறோம்.
மறுநாள் அதற்குக் கீழே
காம்பஸ் முனையால் கீறி, கோணல் மாணலாக:
நாங்க காலையில இருட்டுலதான் வர்றோம்.

எழுத்தைப் பார்த்தால் பத்து வயதுகூட இருக்காது.
முதல் மணி எட்டுக்கு.
சூரியன் மலையேற எட்டரை.
ஒரு தெரு முழுக்க அலைந்து
கல் மூட்டையும் காணாமல்போன கணவரும் எழுதிய எனக்கு
இது தோன்றவேயில்லை.
அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் இருப்பேன்.

நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினேன்.
மாலையில் என்ற இடமெல்லாம் இருவேளையும்.
கை வலித்தது, அம்மா வெந்நீர் வைத்தாள்,
யாருக்கடி இத்தனை பெரிய காதல் கடிதம் என்றாள்.

ஜனவரி கடைசியில் ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள்.
ஒரு பல்பு.
பதினேழாவது கம்பத்தில்,
வீடுகள் முடிந்து குப்பைமேடு தொடங்கும் இடத்தில்.
வரிசைப்படி மேலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றார்கள்.
மிச்சம் பதினாறு அடுத்த பட்ஜெட்டில்.

அதனால் ஒரு நன்மை:
நாய்கள் எத்தனை என்று இப்போது தெரிகிறது.
மேசையில் எழுதிவைத்தேன்,
மொத்தம் பதினொன்று, பழுப்பு நாய்தான் கடிக்கும், பார்த்து வா.

மறுநாள் பெஞ்சு சூடாகவே இருந்தது.
கீறல் இன்னும் ஆழமாக:
பன்னெண்டு.
தகர டின்னுக்குப் பின்னாடி
ஒரு குட்டி இருக்கு, அது கடிக்காது.